பட்டையில பூத்த பழி

ஏம்ப்பா ராசா, கையில தெளிப்பானோட எங்க கிளம்பிட்ட? பின்பக்கத்து ஏப்ரிகாட் மரத்துக்கா? சாம்பல் பச்சையா ஏதோ ஒட்டிக்கிட்டு மரத்தைத் தின்னுதுன்னு ராத்திரி பூரா புலம்பினியாமே, மருமக சொல்லுச்சு. நல்லா அடி. அதுக்கு முன்னாடி பெரியப்பன் நாலு வார்த்தை சொல்லிக்கிடுறேன். நீ சன்னிவேல்ல கம்ப்யூட்டருக்கே வைத்தியம் பாக்குறவன். நான் காரைக்குடிப் பக்கம் கடலைக்கொல்லையில களை பறிச்சவன். எனக்கென்ன தெரியும்!

நேத்து நீ மீட்டிங்குல தலையாட்டிக்கிட்டிருந்தப்ப மரத்தடிக்குப் போனேன். பொரிச்ச அப்பளத்தை நொறுக்கிக் கிளையில அப்பினாப்புல இருந்துச்சு. சொம்புல மிச்சமிருந்த தண்ணியை ஊத்துனேன். கொஞ்ச நேரத்துல சாம்பல் பூரா பச்சையாயிருச்சு! செத்துக் கிடக்குன்னு நெனச்சது கண்ணு முழிச்சுப் பாக்குது. பேத்திகிட்டக் கேட்டேன். லைக்கனாம். அது ஒரு உசுரு இல்லையாம், ரெண்டு. பூஞ்சை வீடு கட்டும். பாசி உள்ள உக்காந்து வெயிலை வாங்கிச் சமைக்கும். 1867-ல சைமன் ஸ்வென்டனர்ங்கிற சுவிட்சர்லாந்துக்காரரு இதைச் சொன்னப்ப, படிச்சவங்க பல பேரு ஒத்துக்கலையாம். குடும்பம் நடத்துறவனைக் கேட்டிருந்தா அன்னைக்கே தலையாட்டியிருப்பான்.

சரி, மரத்தைத் தின்னுதா? அதுக்கு வேரே கிடையாதேப்பா! மழையும் காத்தும் கொண்டாந்து போடுறதை வாங்கிக்கிட்டுப் பட்டை மேல சும்மா குந்தியிருக்கு. ஆறு மாச விசாவுல வந்து உன் சோபாவுல ஒட்டிக்கிட்டிருக்கேனே, நான்கூட மூணு வேளை காப்பி கேக்குறேன். அது அதையும் கேக்கல.

பின்ன ஏன் கிழட்டு மரமாப் பாத்து ஏறுதுங்கிறியா? மரம் மெலிஞ்சா இலை குறையும், கிளையில வெயில் விழும். வளர்ச்சி மந்தமானா பட்டையும் சீக்கிரம் உரியாது. லைக்கனுக்கு வேணுங்கிறது அந்த ரெண்டும்தான். முன்னால வந்தது நோவு, பின்னால வந்தது இது. நரையைச் சிரைச்சா வயசு இறங்குமா? என் தலையைப் பாரு, சிரைச்சும் பாத்தாச்சு.

வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளருமாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு கிடக்கே, நீ வீட்டுக்கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாலயே அது குடிவந்திருக்கும். உன் கிரீன் கார்டு வரிசையோட ஓடவிட்டா அதுதான் ஜெயிக்கும்.

நம்மூர்ல வரையாட்டையும் மரகதப்புறாவையும் மாநிலச் சின்னமா வச்சிருக்கோம்ல? உங்க கலிபோர்னியாக்காரங்க ஒரு படி மேல. ஓக் மரத்துல கிழிஞ்ச வலையாட்டம் தொங்குற லேஸ் லைக்கனை, 2015-ல சட்டம் போட்டு மாநில லைக்கனாக்கிட்டாங்க. அமெரிக்காவுல முதமுதலா இப்படிச் செஞ்ச மாநிலம் இதான். சர்க்கார் மாலை போட்ட சாதிசனத்துக்கு நீ மருந்து அடிக்கிற.

அதைவிடக் கூத்து ஒண்ணு கேளு. போன ஞாயித்துக்கிழமை கோழிக்குழம்புக்குன்னு இந்தியக் கடையில ஒரு பொட்டலம் வாங்கினியே, கறுத்த சருகாட்டம்? கல்பாசி. எங்க செட்டிநாட்டுச் சட்டியில எண்ணெய் காஞ்சதும் விழுற சரக்கு. அதுவும் லைக்கன்தான்! அடுப்படியில டாலர் குடுத்து வரவேற்பு, கொல்லையில டாலர் குடுத்துக் கருமாதி. அதுக்காக மரத்துல இருக்கிறதைச் சுரண்டிக் குழம்புல போட்டுறாத. அது வேற இனம். உறவுமுறைன்னா எல்லாரையுமா பந்தியில உக்கார வைப்போம்?

மரத்துக்கு ஏதாவது செய்யணும்னு கை அரிச்சா, குனிஞ்சு வேரைப் பாரு. புல்லைத் தண்டு வரைக்கும் ஏறவிட்டிருக்க. ஸ்பிரிங்ளர் தண்டு மேலயே பீச்சுது. புல்லை ரெண்டு முழம் விலக்கு. மரச்சில்லால மூடாக்குப் போடு, தண்டுல ஒட்டாம. தண்ணியை நின்னு நிதானமா ஆழத்துக்கு விடு, அடுத்த தண்ணிக்கு இடைவெளி குடு. காஞ்ச கிளையைக் கழி. ஆனா மழைக்காலத்துல கத்தியை எடுக்காத. ஏப்ரிகாட்டுக்கு ஈரத்துல வெட்டுக்காயம் பட்டா அது வழியா பூஞ்சை நோவு புகுந்து கிளையே பட்டுப்போகும். ஜூலை, ஆகஸ்ட் வெயில் காலந்தான் தோது. நம்பலைன்னா உங்க ஊரு நகராட்சியே சமூகக் கூடத்துக்குப் பக்கத்துல ஏப்ரிகாட் தோப்பு வச்சிருக்கே, போய்ப் பாரு. சிலிக்கான் முளைக்கிறதுக்கு முந்தி இந்தப் பூமியில அமோகமா விளைஞ்ச பழம் அது.

இல்ல, அடிச்சே தீருவேங்கிறியா? தாராளமா அடி. லைக்கன் கொஞ்சம் உதிரும். மரம் அப்படியே நிக்கும். மருந்துக் கடைக்காரன் மட்டும் நல்லாத் தழைப்பான்.