என் காரை நானே பாலிஷ் போட அனுமதி கோருதல் – தொடர்பாக

அனுப்புநர்:
கறுப்புக் கார்க்காரன்,
சி பிளாக், இரண்டாம் மாடி.

பெறுநர்:
கௌரவச் செயலாளர் அவர்கள்,
அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம்,
சென்னை.

பார்வை: லிஃப்டுக்குள் கண்ணாடியை மறைத்துத் தாங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

"குடியிருப்போர் எவரும் பார்க்கிங் பகுதியில் தம் வாகனத்தைத் தாமே இயந்திரம் கொண்டு தேய்ப்பது, மெருகேற்றுவது, ரசாயனம் தெளிப்பது உடனடியாகத் தடை செய்யப்படுகிறது" என்ற தங்கள் சுற்றறிக்கையை, மேலே ஏறும்போது பாதியும் கீழே இறங்கும்போது மீதியுமாகப் படித்து முடித்தேன். பெயரைப் போடாமல் "ஒரு சிலர்" என்று எழுதியது தங்கள் பெருந்தன்மை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கார்க் கதவைத் தேய்க்கிற ஒரு சிலர் நான் ஒருவன்தான் என்பது இங்கே பால் போட வருகிறவருக்கும் தெரியும்.

தடைக்குக் காரணங்களாகச் சத்தம், பொது மின்சாரம், துர்நாற்றம், தண்ணீர் விரயம், வளாகத்தின் தோற்றம் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். என் மெஷின் 800 வாட். ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. அதுவும் என் பால்கனியிலிருந்து நான் தொங்கவிட்ட ஒயரில், என் வீட்டு மீட்டரில் ஓடுகிறது. சத்தம் மிக்ஸி அளவுக்கு வராது. ஏ பிளாக்கில் மார்கழியிலிருந்து டைல்ஸ் வெட்டிக்கொண்டிருக்கிறார்களே, அந்த வீட்டுக்கும் சுற்றறிக்கை போயிற்றா என்று நான் கேட்கப்போவதில்லை. பொருளாளர் வீட்டு வேலை, முடிய நாளாகும்.

துர்நாற்றத்துக்குத்தான் விளக்கம் தந்தே ஆகவேண்டும். ஏனென்றால் தாங்கள் அடைப்புக்குறிக்குள் "முட்டை வாடை" என்று எழுதப்போக, அடுத்த நாளே இரண்டு மாமிகள் என் மனைவியிடம் "உங்க வீட்டுலயா?" என்று விசாரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் முட்டை சமைப்பது உண்டு; அது சமையலறையில். பார்க்கிங்கில் அடித்தது வேறு. நம் வளாகத்தின் பின்னால் புறநகர் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்திலும் பிரேக்கிலும் தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள் நம் கார்களின்மேல் வந்து குத்தி உட்கார்ந்து, அங்கேயே துருப்பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கழுவித் துடைத்த பானட்டின்மேல், மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டு ஒரு தரம் தடவிப் பாருங்கள், நெருநெருவென்று உறுத்தும். அந்த இரும்பைக் கரைக்க நான் தெளித்த திரவத்தில் தயோகிளைக்கோலேட் என்ற உப்பு இருக்கிறது. இரும்பைத் தொட்டதும் ஊதாவாகி வழியும். உள்ளே கந்தகம் இருப்பதால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டிவிடும் லோஷனிலும் இதே வகைச் சரக்குதான். அங்கே பணம் கொடுத்து மோந்துவிட்டு வருகிறவர்கள் இங்கே இலவசமாக வந்ததற்கு மூக்கைப் பிடிப்பது நியாயமா? தரையில் ஓடிய ஊதாவைப் பார்த்து வாட்ச்மேன் பயந்ததும், தாங்கள் வாசல் வரை வந்து போட்டோ எடுத்ததும் எனக்குத் தெரியும். அன்றே இரண்டு வாளி ஊற்றிக் கழுவிவிட்டேன். கழுவியதை மட்டும் போட்டோ எடுக்கவில்லை போலிருக்கிறது.

இனி சுற்றறிக்கையின் கடைசி வரிக்கு வருகிறேன். "வாகனச் சுத்தத்துக்குச் சங்கம் நியமித்த பணியாளரின் சேவையை மட்டுமே பயன்படுத்தவும்." ஐயா, எனக்கு மனவருத்தம் தந்தது இந்த வரிதான்.

கார் துடைக்கும் அண்ணன் விடியற்காலையில் வருகிறார், எட்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். அவரிடம் சங்கம் கொடுத்திருப்பது ஒரு பெயின்ட் வாளி, ஒரு பனியன் துணி. வாளித் தண்ணீர் மூன்றாவது காரிலேயே காப்பி நிறத்துக்கு வந்துவிடும்; மாற்றிக்கொண்டிருந்தால் நாற்பது கார் முடியாது. வாசலில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய மண் என்றைக்கும் அங்கேயே இருப்பதால் ராத்திரி எல்லாக் கார்மேலும் புழுதி படிகிறது. புழுதி என்றால் நுணுங்கிய மணல். அதை ஈரத்துணியில் கூட்டி, முதல் காரின் மணலை இரண்டாவது காருக்கும், இருவர் மணலையும் சேர்த்து மூன்றாவது காருக்கும் பாகுபாடில்லாமல் தேய்த்துவருகிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்த துணியில் கொடுத்த நேரத்தில் செய்யக்கூடியது அதுதான்.

அந்தத் தேய்ப்பு எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டின்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். மொத்தமும் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 130 மைக்ரான். அதில் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50. தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் வரும். இந்தப் படலம் அதையும் விட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது அந்தப் படலம்தான். அது தேய்ந்து போன கார்களைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். கூரையும் பானட்டும் திட்டுத் திட்டாக வெளுத்து உரிந்து நிற்கும். தாங்கள் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், தங்களுக்குப் புரியும் விதத்தில் சொல்கிறேன்: கிளியர் கோட் ஒரு பிராவிடென்ட் ஃபண்ட். ஆனால் சந்தா கட்டும் வசதி கிடையாது, எடுக்க மட்டும்தான் முடியும். நான் பாலிஷ் போடும்போதும் எடுக்கத்தான் செய்கிறேன், ஒரு தடவைக்கு ஓரிரு மைக்ரான். கணக்குத் தெரிந்து, வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு, எடுக்கிறேன். சங்கம் ஒவ்வொரு நாளும் காலையில் என் கையெழுத்து இல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ராத்திரி பத்து மணிக்குக் கீழே வந்து, என் காரின் பானட்டில் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வளையம் வளையமாக மெல்லிய கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் தேய்த்ததாகத் தோன்றும். அப்படியில்லை. கோடுகள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. வெளிச்சம் வரும் போக்குக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். தங்களுடையது வெள்ளைக் கார். அதிலும் இத்தனையும் இருக்கிறது, காட்டிக்கொடுக்காது.

அதைப் போக்க நான் செய்கிற "இயந்திரப் பணிமனை வேலை" என்னவென்று சங்கப் பதிவேட்டில் ஏறட்டும். முதலில் கழுவுகிறேன். பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியைச் சோப்புத் தண்ணீர் தெளித்து வழுக்கவிட்டு, ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கிறேன். ரப்பர் பீடிங்கிலும் பிளாஸ்டிக் ஓரங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறேன். எடுத்தவுடன் பானட் முழுக்கப் பாய்வதில்லை. ஒரு சாண் இடத்தில், இருப்பதிலேயே மென்மையான கம்பவுண்டைப் போட்டுச் சோதிக்கிறேன். ஸ்பாஞ்சு பேடில் நாலைந்து சொட்டுதான். மெஷினை அழுத்தாமல், எறும்பு போகிற வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுகிறேன். என்னுடைய மெஷின் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற வகை. ஒரே இடத்தில் சூடு தங்காது. டிங்கரிங் ஷெட்டில் ஒரே சுற்றாகச் சுற்றுமே, அந்த வகை மெஷின் கை தவறினால் கதவு விளிம்பில் பிரைமர் வரைக்கும் போய்விடும். துடைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசையை எடுத்து, மறுபடியும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். எண்ணெய் நிற்கும்போது எல்லாக் காரும் பளபளக்கும். அதை எடுத்த பிறகும் கோடு இல்லையென்றால்தான் போனதாக அர்த்தம். இத்தனைக்கும் ஒரு காலைப் பொழுது போய் ஒரு பக்கக் கதவுகள்தான் முடிந்திருக்கும். இதில் வளாகத்தின் அமைதி எந்தக் கட்டத்தில் குலைந்தது என்று செயற்குழு குறித்துக் கொடுத்தால் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறேன்.

தண்ணீர். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவத் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததைத் தாங்கள் சுற்றறிக்கையில் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். சரியான உத்தரவு. 2019 கோடையில் இந்த ஊர் ஏரிகள் வறண்டு, நாமெல்லாரும் லாரிக்குக் காத்து நின்றதை நானும் மறக்கவில்லை. அதனால்தான் கழுவ ஓஸைத் தொடுவதில்லை. வழுக்கும் திரவம் கலந்த ஒரு வாளித் தண்ணீர், நாலைந்து மைக்ரோஃபைபர் துணி, அலசவே வேண்டாம் என்கிற முறை. அன்று தரைக்கு இரண்டு வாளி செலவானது ஊதாவைப் பற்றிப் புகார் வந்ததால்.

ஆனால் சங்கம் பசுமைத் திட்டம் என்று ஆரம்பித்ததே, ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை டிரம்மில் பிடித்துக் கார் கழுவுவது, அதற்குத் தாங்கள் பொன்னாடை போர்த்திக்கொண்ட படம்கூட நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். கழிவறைக்கு ஊற்றலாம், படிக்கட்டு கழுவலாம். காருக்கு மட்டும் வேண்டாம். நம் போர்வெல் தண்ணீரிலேயே உப்பு நாக்கில் படும். அதில் நல்லதைக் குடிக்க எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பும் மக்னீசியமும் செறிந்து போன மிச்சத்தைக் காய்ந்த பானட்டில் ஊற்றினால், நீர் ஆவியாகி உப்பு வட்டம் வட்டமாக அங்கேயே தங்கும். இரண்டு வெயிலில் அது பெயின்ட்டை அரிக்கத் தொடங்கும். அந்த வெள்ளை வட்டங்களைச் சங்கம் நியமித்த பணியாளர் சங்கம் கொடுத்த துணியால் அழுத்தித் தேய்ப்பார். பிறகு நடப்பது மேலே சொன்னதுதான்.

வளாகத்தின் தோற்றம் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. அமாவாசைதோறும் தாங்கள் பக்தியுடன் சோறு வைக்கும் மதில் என் பார்க்கிங் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. தங்கள் முன்னோர் உண்டு முடித்து ஆசீர்வதித்துச் செல்வது என் பானட்டை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. காக்கை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் இளகிய கிளியர் கோட் சாயங்காலம் குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் அச்சு அப்படியே பதிந்துவிடும். மத்தியானத்துக்குள் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்தால் தப்பிக்கலாம். அந்த நேரத்தில் ஆபீசில் இருக்கிறேன். மதிலில் நாலடி தள்ளி இலையைப் போட்டால் அது விசிட்டர் பார்க்கிங். ஆயுத பூஜைக்கு வரிசையாக எல்லாக் காருக்கும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மேலே விபூதியும் தூவி, அடுத்த நாள் காய்ந்ததைச் சுரண்டவிடுகிறீர்களே, அதைப் பற்றி எழுதினால் நாத்திகன் என்பீர்கள். கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள், போதும்.

இவ்வளவும் நான் எழுதியிருக்க மாட்டேன், போன ஞாயிறு அந்தப் பந்தல் போடப்படாமல் இருந்திருந்தால். சுற்றறிக்கையின் பசை காய்வதற்குள், அதே பார்க்கிங்கில், "டெஃப்லான் கோட்டிங், குடியிருப்போருக்குச் சிறப்புத் தள்ளுபடி" என்று பேனர் கட்டி நாலு பையன்கள் வந்து இறங்கினார்கள். நாலு மெஷினும் ஒரே சுற்றாகச் சுற்றுகிற வகை. மின்சாரம், லிஃப்ட் அறைப் பக்கத்துப் பொதுப் பிளக்கிலிருந்து. தண்ணீர், ஓஸில். வெள்ளைத் தூள் இரண்டாம் மாடி வரை பறந்தது. முதல் கார் தங்களுடையது.

டெஃப்லான் 1938இல் தற்செயலாகக் கண்டுபிடித்த அருமையான பொருள். தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க 350 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். நம் பார்க்கிங்கில், அக்னி நட்சத்திரத்திலும், 42ஐத் தாண்டினால் பேப்பரில் போடுவார்கள். அப்படியானால் அந்தப் பையன்கள் தடவியது என்ன? கோடுகளுக்குள் நிரம்பி நின்று கொஞ்ச நாள் பளபளக்கிற எண்ணெய்ப்பசையும் மெழுகும் என்பது என் ஊகம். நாலு முறை கழுவினால் கோடுகள் திரும்ப வரும். பந்தல்காரரிடம் கேட்டேன், ஐந்து வருஷம் கேரண்டி என்றார். கார்டில் கம்பெனி முகவரிக்கு உரிய இடம் காலியாக இருந்தது. சத்தம், மின்சாரம், வாடை, தண்ணீர், தோற்றம் ஐந்தும் அன்றைக்கு என்ன ஆயின என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "அவங்க ஸ்டால் பணம் கட்டியிருக்காங்க சார்" என்றார்.

இதை முன்பே சுற்றறிக்கையில் போட்டிருந்தால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். ஆகவே, பந்தல்காரர் கட்டிய அதே ஸ்டால் கட்டணத்துக்கான காசோலையை இத்துடன் இணைத்துள்ளேன். வரும் ஞாயிறு காலை ஏழு முதல் பதினொன்று வரை, என் பார்க்கிங் இடத்தில், ஒரு முக்காலி அகலத்துக்கு ஸ்டால் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர்தான், நானே. பேனர் கட்டமாட்டேன். தொகையில் மிச்சமிருந்தால் கார் துடைக்கும் அண்ணனுக்கு ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு வாளியும் வாங்கிக் கொடுக்கவும். ரசீதைச் சங்கத்தின் பெயரில் முத்திரையுடன் தரவும். டி பிளாக்கில் இன்னும் இரண்டு கறுப்புக் கார்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
"ஒரு சிலர்"

இணைப்பு: காசோலை 1
நகல்: பொருளாளர் அவர்கள் (டைல்ஸ் வேலை முடிந்ததும்)