சோக் போட்டுப் பாத்தீங்களா?

நேற்று சாயங்காலம் கிக்கர் திருப்பி அடித்த இடம், கணுக்காலுக்கு மேலே, இன்னும் வீங்கியே இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் யாரையாவது கொஞ்சம் அதிகமாகத் திட்டியிருந்தால் அதை வீக்கத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தெருமுனை வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஐப்பசி மழை பிடித்ததும் கொட்டகைக்குள் தள்ளி யூரியா சாக்கைப் போர்த்திவிடுவோம் இல்லையா? பிறகு தை பிறந்து, மாட்டைக் குளிப்பாட்டும்போதுதான் பக்கத்தில் இதுவும் நிற்பது ஞாபகம் வரும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு முன்னாலேயே கார்பரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, டேங்க்கில் இருப்பது கெடாமலிருக்க ஒரு மருந்தை ஊற்றி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் பத்திரமாக வைப்பார்களாம். நமக்கு எலுமிச்சம்பழம் போதும்.

என்னுடையது யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, மிதித்தே ஆக வேண்டும். மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்றது.

சோக் போட்டால் பற்றுகிறது, எடுத்தால் நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இதற்குள் 'ஸ்லோ ஜெட்' என்று சொல்லியிருப்பீர்கள். அதேதான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நின்ற பெட்ரோலில் லேசானதெல்லாம் ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மெயின் ஜெட்டின் துளை பெரிசு; அதனால் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் வண்டி பறக்கும், கையைத் தளர்த்தினால் செத்துவிடும். அதாவது கள்ளக்குறிச்சி ரோட்டில் ஆளில்லாத இடத்தில் எல்லாம் ஓடும். வேகத்தடை, பஸ் ஸ்டாப், டீக்கடை என்று எங்கே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ, அங்கே பார்த்து நிற்கும்.

முதலாமவர் எழுந்து வந்து கேட்பார்: "சோக் போட்டுப் பாத்தீங்களா?"

இல்லைங்க, இத்தனை வருஷமாக இதில் சோக் என்று ஒன்று இருப்பதே தெரியாமல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வாய்வரைக்கும் வரும். சொல்ல முடியாது, வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதியவர். "போட்டேங்க" என்போம். நம்பமாட்டார். தானே குனிந்து அதை ஒருமுறை எடுத்து, ஒருமுறை போட்டுப் பார்ப்பார். அதற்குள் இரண்டாமவர் டீ கிளாஸோடு வந்துவிடுவார். "சோக்கைப் போட்டுப் போட்டுத்தான் ஓவர்ஃப்ளோ ஆயிருக்கு. எடுத்துட்டு, ஃபுல் ஆக்சிலேட்டர்ல மிதிங்க." இருவருக்கும் தகராறு மூளும். மூன்றாமவர் இதிலெல்லாம் தலையிடமாட்டார். டேங்க் மூடியைத் திறந்து, வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதுவார். எதற்காக ஊதுகிறோம் என்று ஊதியவர் யாரும் விளக்கியதில்லை. ஊதி, மூடியைப் பூட்டி, உதட்டைத் துடைத்துக்கொண்டு, மந்திரித்துக் கயிறு கட்டிவிட்ட பூசாரி மாதிரி "இப்ப மிதிங்க" என்பார். மிதித்தால் வண்டி ஒரு இருமல் இருமும். அந்த இருமலுக்கு மூன்று பேரும் உரிமை கொண்டாடுவார்கள்.

(1893இல் ஹங்கேரியில் தோனாத் பான்கி, யானோஷ் சோன்கா என்ற இருவர் கார்பரேட்டருக்குக் காப்புரிமை கேட்டார்கள். பூக்காரி ஒருத்தி வாயில் தண்ணீரை வைத்துப் பூமேல் ஊதித் தெளித்ததைப் பார்த்து வந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. நம்ம ஊர்க்காரர் ஊதுவதைப் பார்த்த பிறகு நான் அந்தக் கதையை நம்புகிறேன்.)

அடுத்து சாய்ப்புக் கட்சி. எந்தக் கோளாறாக இருந்தாலும் வண்டியை ஒரு பக்கமாகப் படுக்கப்போட்டுத் தூக்கினால் தீரும் என்பது இவர்கள் கொள்கை. பெட்ரோல் தீர்ந்த அன்றைக்கு இது சரி. டேங்க்கின் அந்தப் பக்கம் தேங்கியது இந்தப் பக்கம் வரும். முந்தாநாள்தான் ஊற்றினேன் என்று கெஞ்சினாலும் விடமாட்டார்கள். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய சரக்கு மண்ணில் ஒழுகும். "ஆங், வருது பாருங்க, லைன் கிளியர்" என்று ஒருவர் சந்தோஷப்படுவார். அப்புறம் ப்ளக் கட்சி: "கழட்டி எஞ்சின் மேல வச்சு மிதிங்க, கரண்ட் வருதான்னு பாப்போம்." பார்ப்பது அவர், மிதிப்பது நான். எல்லாக் கட்சிக்கும் பொதுவான ஒரே விதி அதுதான். பெஞ்சை விட்டு எழாமல் ஒருவர், தன் மச்சான் இதே வண்டியைப் பதினைந்தாயிரத்துக்குத் தள்ளிவிட்டதையும், இப்போது அது லட்சத்துக்குப் போவதையும் சொல்லி வருத்தப்படுவார். நானும் சேர்ந்து வருத்தப்பட வேண்டும், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.

கடைசியில் ஒரு பையன் வருவான். "தள்ளுங்க மாமா." ஒரே மிதி, பற்றிவிடும். என் கடுப்பெல்லாம் அந்த ஒரு மிதிமேல்தான். நாலு தடவை முறுக்கிச் சத்தத்தை ரசித்துவிட்டுக் கையை விடுவான். நிற்கும். "குடுக்கிறதா இருந்தா சொல்லுங்க மாமா."

இத்தனை பேரில் ஒருவர்கூடப் பெட்ரோலைப் பற்றி வாய் திறந்ததில்லை. 2003இல் 5 சதவீதம் என்று தொடங்கிய எத்தனால் கலப்பு 2022இல் 10 ஆயிற்று. 2030க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025க்கே இழுத்துக்கொண்டார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அடைமழை முழுக்கப் பாதி டேங்க்கோடு நின்றால் தண்ணீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து அடியில் இறங்கும். பெட்ரோல் டேப் இருப்பதும் அடியில்தான். கிண்ணத்தைக் கழற்றினேன். ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி, ஜெட்டின் பித்தளையில் பச்சை. ரப்பர் வளையம் ஊறி உப்பி, திரும்ப அதன் குழியில் உட்காரமாட்டேன் என்கிறது. இதையெல்லாம் டிபன் தட்டில் பரப்பி வைத்திருந்ததால், எந்தத் தட்டு என்று வீட்டில் விசாரணை வேறு நடந்துகொண்டிருக்கிறது.

எத்தனால் எங்கிருந்து வருகிறது? கரும்பிலிருந்து, உடைந்த அரிசியிலிருந்து, மக்காச்சோளத்திலிருந்து. எங்கள் சின்னசேலத்தைச் சுற்றி அறுவடை நாளில் பாதி ரோட்டில் மக்காச்சோளம்தான் காயும். கரும்பு டிராக்டர் கச்சிராயபாளையம் ஆலைக்குப் போகும். சோளத்தின்மேல் ஏற்றாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டுகிறேன். அதன் பங்காளி எங்கோ காய்ந்து, என் டேங்க்குக்குள்ளேயே வந்துவிடுகிறான். விவசாயிக்கு விலை கிடைக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் பெட்ரோல் பங்கில் "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்கிற வாய், பழைய வண்டிக்காரனைப் பார்த்து "ரொம்ப நாள் நிறுத்தி வைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மெக்கானிக்கிடம் போகலாமே என்பீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததிலிருந்து பெரும்பாலான புது வண்டிகளுக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன். இளசுகள் ஸ்கேனரை எங்கே மாட்டுவது என்று என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பெரியவர் ஒருவர் கிளட்ச் கேபிளில் ஒரு இழையைப் பிரித்து ஜெட்டுக்குள் விட்டுக் குடையப் போனார். துளை அகன்றுவிடும்; அப்புறம் வண்டி குடிக்க ஆரம்பித்துவிடும். பஞ்சர் கடையில் காற்று வைத்து ஊதினால் போதுமே என்றேன். "அப்ப நீங்களே பாத்துக்குங்க சார்" என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

சேலம் பக்கம் போகிறவர்கள் யாராவது இந்த வண்டிக்கு ஒரிஜினல் ஸ்லோ ஜெட் கண்ணில் பட்டால் வாங்கி வாருங்கள். டூப்ளிகேட் வேண்டாம். காசு கையோடு கொடுத்துவிடுகிறேன். வண்டி விற்பனைக்கு இல்லை.