ஒட்டுப் போட்ட இடத்தப் பாருடே

வாடே பேராண்டி. அந்த மூணுகால் குச்சியத் திண்ணை ஓரமா நட்டுக்கோ, நடுவுல வச்சா கோழி தட்டிவிட்டுரும். என் மூஞ்சி தெரியுதா? பல்லு இல்லாதது தெரியாம எடுக்க ஏதாவது பொத்தான் இருந்தா அதையும் அமுக்கு.

என்ன கேட்ட? 'நம்ம கதைகள்ல இருந்து வாழ்க்கை, நம்பிக்கை, பண்பாடு பத்தி என்ன தெரியுது தாத்தா'ன்னா? ஏ அப்பா! உங்க அப்பன் வயல வித்துப் படிக்க வச்சது வீண்போகல. ஒரே மூச்சுல மூணு மூட்டையத் தூக்கிட்டியே. எங்க காலத்துல கதை கேக்க வாரவன் வெறுங்கையோட வருவான், கேப்பான், அப்படியே சாஞ்சு தூங்கிருவான். நீ கதைய விட்டுட்டுக் கருத்து கேக்க. அதுவும் ரெண்டு நிமிசத்துல சொல்லணும்கிய. அதுக்கு மேல போனா ஆளு ஓடிருவாம்பிய. வில்லுப்பாட்டுக்காரன் ராத்திரி உக்காந்தா விடியக்கருக்கல்லதான் எந்திரிப்பான். நடுவுல எந்திரிச்சவன்லாம் ஒதுங்கப் போனவன்தான். திரும்பி வந்து பக்கத்துக்காரன்ட்ட 'எதுவரைக்கும் பாடியிருக்காவ'ன்னு கேட்டுட்டு உக்காந்துக்கிடுவான்.

சரி, சின்னதுல இருந்தே வருவோம். காக்கா வடை தூக்கிட்டுப் போன கதை தெரியும்லா? அதுல யாரு முக்கியம்னு கேட்டா நரிம்ப, காக்காம்ப. உனக்குப் பள்ளிக்கூடத்துலயும் அதத்தான் சொல்லிக் குடுத்தாவ, புகழ்ச்சிக்கு மயங்காதேன்னு. கிரேக்க தேசத்துல ஈசாப் பேர்ல இதே கதை நடமாடுது. அங்க காக்கா வாயில இருக்கது பாலாடைக்கட்டி. கிழவியும் இல்ல, அடுப்பும் இல்ல. நம்ம ஊர்ல அது வடை. வடை வானத்துல இருந்து விழுமா? சுட ஒரு ஆளு வேணும்லா. மரத்தடியில ஒரு கிழவிய உக்கார வச்சான் நம்மாளு. அந்தத் தள்ளாத வயசுல அவளுக்கு மரத்தடியில என்னடே வேல? மவன் எங்க? மருமவ எங்க? நரி பாட்டுக் கேட்டுச்சு, காக்கா பாடிச்சு, வடை போச்சு, கிழவிக்குக் கடையில பருப்புக்கடன் நின்னுச்சு. களவு குடுத்தவளுக்குக் கதையில ஒரு வரி பேச்சு கிடையாது. இத்தனை தலைமுறையா இந்தக் கதையச் சொல்லிச் சோறு ஊட்டுனோமே, ஒரு பய அவளப் பத்திக் கேட்டானா? பண்பாடு பண்பாடுன்னு தேடுதியே, அந்த அடுப்புப் பக்கத்துலதான் கிடக்கு, எடுத்துக்கோ.

இப்பப் பெரிய கதை. அதுக்கு முன்னால ஒரு சங்கதி சொல்லுதேன், இத மட்டும் பிடிச்சுக்கோ. உங்க ஆச்சி பழைய சேலையில ஒட்டுப் போட்டுருக்காள்லா? கிழிஞ்ச இடத்துலதான் ஒட்டுப் போடுவாவ. நல்லா இருக்க துணியில எவளும் ஊசி குத்த மாட்டா. கதையும் அப்படித்தான். ஒட்டு எங்க இருக்குன்னு தடவிப் பாத்தேன்னா ஊரு எங்க கிழிஞ்சிருந்துதுன்னு தெரிஞ்சிபோவும்.

பாபநாசத்துக்கு மேல காரையாத்துல சொரிமுத்தையன் கோயிலுக்கு உன்ன ஆடி அமாவாசைக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா? உனக்கு எங்க இருக்கப் போவுது, என் சட்டையெல்லாம் ஈரமானது எனக்குத்தான் ஞாபகம் இருக்கு. அங்க பட்டவராயன் சந்நிதியில செருப்பாக் கிடக்கும். எந்தக் கோயில்லயும் செருப்ப வெளிய விட்டுட்டுப் போவோம். அங்க புதுச் செருப்பு வாங்கி நேர்த்திக்கடனாச் செலுத்துவாவ. மறுவருசம் பாத்தா அந்தச் செருப்பு தேஞ்சிருக்கும், சேறு ஒட்டியிருக்கும், சாமி ராத்திரியில மாட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள காவல் போறாருன்னு சொல்லுவாவ. நீ சிரிக்க. சிரி. ஆனா சாமிக்கு எதுக்குடே செருப்பு?

பட்டவராயன்னா முத்துப்பட்டன். அந்தணக் குடும்பத்துப் பிள்ளை, கடைக்குட்டி. அண்ணன்மாரோட பிணங்கி மலையாளத்துப் பக்கம் போயிட்டு மலைவழியாத் திரும்பி வாரான். ஆத்தங்கரையில பாட்டுச் சத்தம் கேக்கு. பாத்தா பொம்மக்கா, திம்மக்கான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. வாலப்பகடையோட மக்க. அவரு செருப்புத் தைக்குத தொழில், மாடு காவல். இவன் கட்டினா இவளுவளத்தான் கட்டுவேன்னு நிக்கான். இங்கதான் கவனி. வாலப்பகடை காலுல விழுந்து 'சாமி, என் பாக்கியம்'னு சொல்லல. முதல்ல, நீங்க யாரு நாங்க யாரு, உங்க ஆளுவ எங்கள வாழ விடுவாவளான்னு தயங்குதாரு. பெறகு ஒரு நிபந்தன போடுதாரு. பூணூல அறுத்துட்டு, குடுமியச் செரைச்சுட்டு, தோல் பதம்பண்ணி உன் கையால செருப்புத் தச்சுக் கொண்டுவா, பெண்ணத் தாறேன். எப்படி இருக்கு? எல்லாக் கதையிலயும் கீழ இருக்கவன் மேல ஏற வரம் கேப்பான். இங்க மேல இருக்கவன் எறங்கி வர பரீச்சை எழுதுதான். அண்ணன்மாரு அடைச்சு வைக்காவ. தப்பிச்சு வந்து பரீச்சையும் எழுதி, பாஸும் ஆயிட்டான். கலியாணமும் முடிஞ்சுது. அன்னைக்கு ராத்திரியே மாமனார் கிடையில மாட்டுத் திருடன் விழுந்துட்டான்னு சேதி வருது. ஓடுனான், அடிச்சு விரட்டுனான், ஒளிஞ்சிருந்தவன் ஒருத்தன் குத்துல செத்தான். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் தீயில எறங்கிட்டாளுவ. இப்பப் புரியுதா சாமிக்கு எதுக்குச் செருப்புன்னு? அவன் படிச்ச பாடம் அது.

இது துணி. இப்ப ஒட்டக் கேளு. இதையே பாடும்போது இன்னொரு சங்கதியும் சேத்துப் பாடுவாவ. அந்தப் பிள்ளைய ரெண்டும் வாலப்பகடை பெத்தது இல்லையாம். உசந்த குலத்துல பிறந்து காட்டுல கிடந்ததுவளாம், இவரு எடுத்து வளத்தாராம். நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை, பாளையங்கோட்டையில டுடோரியல் நடத்துன வாத்தியார், இந்தக் கதைப்பாட்டையெல்லாம் தேடிச் சேத்து அச்சுல போட்டவர், இது பின்னால வந்து ஒட்டுனதுன்னு எழுதியிருக்காரு. அவரு சொல்லாட்டாலும் தெரியும். பொண்ணு உசந்த குலம்னா பையன் எதுக்குப் பூணூல அறுக்கணும்? வாலப்பகடை எதுக்குச் செருப்புக் கேக்கணும்? ஒட்டுப் போட்டவன் அவசரத்துல தையல உள்பக்கம் மறைக்க மறந்துட்டான்.

ஒரு கதையில இருந்தா தற்செயல்னு விட்டுரலாம். மதுரை வீரனப் பாரு. வளத்தது செருப்புத் தைக்குத சின்னான், செல்லி. வளந்தது அங்க, தெம்பு வந்தது அங்க. ஆனா பெத்தது மட்டும் காசிராசாவாம்! கொடி சுத்திப் பிறந்துச்சாம், நாட்டுக்கு ஆகாதுன்னு சோசியன் சொன்னானாம், காட்டுல விட்டாவளாம். ஏன்? பெறகு அவன் பொம்மண நாயக்கர் மக பொம்மியத் தூக்கிட்டுப் போகணும்லா, அதுக்கு இப்பவே ரத்தத்தச் சரிபண்ணி வச்சாச்சு. காத்தவராயன எடுத்துக்கோ, அய்யர் வீட்டு ஆரியமாலா மேல ஆசப்பட்டுக் கழுவுல ஏறுனவன். அவன் சிவனுக்கே பிள்ளையாம், சாபத்துல கீழ வந்தானாம். யாழ்ப்பாணத்துப் பக்கம் காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடுவாவ, அங்கயும் தேவலோகத்து உறவு உண்டு. 1956-ல மதுரை வீரன் சினிமா வந்துச்சு. எம்.ஜி.ஆர். வீரன், பானுமதி பொம்மி, கலைவாணரும் மதுரமும் வளத்த அப்பன் ஆத்தா, கண்ணதாசன் வசனம். அதுலயும் ராசா வீட்டுப் பிறப்ப விடலயே. நான் அந்தப் படத்த எத்தன தடவ பாத்தேன்னு உங்க ஆச்சிட்ட கேக்காத, டிக்கெட்டுக் காசு எங்க இருந்து வந்துச்சுன்னு சேத்துச் சொல்லுவா.

இதுக்கு என்ன அர்த்தம்னு போன என் மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டு வார. சொல்லுதேன். பாட்டுக்காரனுக்கு அந்தக் காதல் பிடிச்சிருக்கு. கேக்கவனுக்கும் பிடிச்சிருக்கு. ஆனா முன்வரிசையில நாலு பெரிய மனுசன் துண்டப் போட்டு உக்காந்திருக்கான், கொடைக்குக் காசு போட்டவன். அவனுக்கு முன்னால கதையப் பாடி முடிக்கணும், கூலியையும் வாங்கணும். பாட்டுக்கார அண்ணாவி பாத்தாரு. கதைய மாத்தல, பிறப்பத்தான் மாத்துனாரு. முன்வரிசைக்கு ஒட்டு, பின்வரிசைக்குத் துணி. பயந்துட்டாருன்னும் சொல்லலாம், கெட்டிக்காரன்னும் சொல்லலாம். நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேன். ஒட்டு போடாம இருந்தா அந்தக் கதை உன் காது வரைக்கும் வந்திருக்குமாடே?

நம்பிக்கை கேட்டியே, அது வில்லுப்பாட்டு ராத்திரியில இருக்கு. நீளமா வில்லு, அதுல மணி, வீசுகோல், உடுக்கு, குடம், ஜால்ரா, கட்டை. அண்ணாவி பாட, வலம்பாடியும் இடம்பாடியும் வாங்கிப் பாட, கேட்டுக்கிட்டே வெத்தலையப் போட்டுட்டு இருப்போம். சாமி பிறந்த கதை பாடுத வரைக்கும் கூட்டம் கடலை வாங்கும், பிள்ளைக்குப் பால் குடுக்கும். குத்துப்பட்டு விழுத இடம் வந்துச்சுன்னா உடுக்குச் சத்தம் மாறும். பகல்ல ரேஷன் கடை வரிசையில நமக்கு முன்னால சாக்க வச்சு இடம்பிடிச்ச அதே ஆளு கூட்டத்துல இருந்து துள்ளி எந்திரிச்சு ஆடுவான். அவன் கண்ணு அப்ப அவன் கண்ணு இல்ல. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்னு ஒரு அமெரிக்கக்காரர் நாகர்கோவில் பக்கம் வந்து இதெல்லாம் உக்காந்து கேட்டு 1988-ல புத்தகமே போட்டுருக்காரு. அவருக்கும் இதுதான் கண்ணுல பட்டிருக்கு: வானத்துல இருந்து வந்த சாமியவிட, வெட்டுப்பட்டுச் செத்த சாமிக்குத்தான் ஆட்டம் ஜாஸ்தி.

ஏன் ஜாஸ்தி? பயம்டே. அநியாயமாச் செத்தவன் சும்மா போகமாட்டான்னு ஊருக்குத் தெரியும். கோர்ட்டு கேக்காத வழக்க ஊரு கோயில் கட்டித் தீத்துக்கிட்டுது. மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்குனாவ, பெறகு மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் சாமியா நிக்க வச்சு மாலை போட்டாவ. வாசல் காவல். அவன வளத்த சின்னான் செல்லியோட சனம் அந்த வாசலத் தாண்டி உள்ள போனது எப்பன்னு தெரியுமா? 1939 ஜூலை 8. கோயில் நுழைவுப் போராட்டம் நடத்துன வைத்தியநாதய்யர் கூட்டிட்டுப் போனாரு. மகன் வாசல்ல சாமியா நின்னான், பெத்த மாதிரி வளத்தவுக தெருவுல நின்னாவ. நம்பிக்கைன்னு தலைப்பு வச்சு இதப் போடு, எத்தன பேரு பாக்கான்னு பாப்போம்.

நல்லதங்காளையும் கேப்ப. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்துல கோயில் இருக்கு, கிணறும் காட்டுவாவ. பஞ்சத்துல ஏழு பிள்ளையோட அண்ணன் வீட்டுக்கு வந்தா, மதினி மூளி அலங்காரி பச்சை விறகையும் ஓட்டைப் பானையையும் குடுத்தா, இவ ஏழையும் கிணத்துல போட்டுத் தானும் விழுந்தா. இன்னைக்கும் நாத்தனார் மதினி சண்டையில மூளி பேரு வராம முடியாது. சரி, பஞ்சத்துக்கு ராசா என்ன செஞ்சான்? குதிர் நிறைய நெல்லு யாரு வீட்டுல இருந்துச்சு? அத ஒருத்தனும் பாடல. அண்ணன்காரன் எங்கடான்னு பாத்தா வேட்டைக்குப் போயிருக்கான். நம்ம கதையில வீட்டுக்குள்ள வம்பு வந்துச்சுன்னா ஆம்பிளைக்கு அன்னைக்குத்தான் வேட்டை இருக்கும். நானும் எத்தனையோ வேட்டைக்குப் போயிருக்கேன், அந்த டீக்கடை வரைக்கும்.

இடைசெவல் கி. ராஜநாராயணன் இந்த மாதிரிக் கதையெல்லாம் ஊருவழியே சேத்தவரு. பட்டம் வாங்காத சம்சாரி, அவரப் புதுச்சேரி யுனிவர்சிட்டியில கூப்பிட்டு நாற்காலி போட்டுக் குடுத்தாவ. நாலுபேர் முன்னால சொல்லக் கூசுத கதைகளையும் விடாம 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'னு புத்தகமாப் போட்டாரு. அதுல உள்ளது மாதிரி எனக்கும் ஒரு இருபது தெரியும். போன அமத்தினாச் சொல்லுதேன்.

முதல்ல இதக் கேளு. ஆபீஸ்ல கூட வேல பாக்குத பிள்ளையோட படத்த ஆச்சிட்ட மட்டும் காட்டியிருக்க. ஆச்சி வாயில என்னைக்கு எது நின்னுச்சு? உங்க அம்மை ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் சாப்பிட்டா. நேத்துச் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரிட்ட சொல்லுதா, 'அவுக பூர்வீகத்துல பெரிய ஜமீனாம், காலக்கொடுமை எறங்கிட்டாவளாம்'னு. எந்த ஜமீன்டின்னு கேட்டேன். 'ஏதோ ஒண்ணு இருக்கும் மாமா'ங்கா. நான் எந்திரிச்சுக் கொல்லப்பக்கம் போயிச் சிரிச்சுட்டு வந்தேன். காசிராசாவத் தேடிட்டு இருக்காடே உங்க அம்மை!

தேடட்டும், தடுக்காத. என் கலியாணத்துல தரகன் என்ன எட்டாங்கிளாஸ் பாஸுன்னு ஒட்டுப் போட்டான். அஞ்சாவதுல ரெண்டு வருசம் இருந்தது ஆச்சிக்கு மூணு பிள்ளை பெத்த பெறகுதான் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைட்ட நீ முன்கூட்டியே சொல்லிரு, இங்க வந்து 'எங்களுக்கு ஜமீனே கிடையாது அத்தை'ன்னு வெள்ளந்தியாச் சொல்லிறப் போவுது. இல்ல, சொல்லட்டும். நான் பின்வரிசையில உக்காந்து கேட்டுக்கிடுதேன்.

பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு நேந்திருக்கேன், உன் விசயமாத்தான். ஆடி அமாவாசைக்கு வரும்போது வாங்கிட்டு வா, அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வா. தோல் செருப்பா இருக்கணும், ரப்பர்ச் செருப்ப வாங்கிட்டு வந்து நிக்காத.