வெள்ளி மணியும் தங்கக் காப்பும்

கேள்வி: தங்கத்துக்குள் வெள்ளியைப் பொடியாகப் புதைத்தால் கரண்ட் தடையே இல்லாமல் ஓடுமாமே? மனிசியின் காப்பை வயராக்கிப் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், உன்னிச்சை

பதில்: கரண்ட் ஓடுமுன் நீங்கள் ஓட வேண்டிவரும்!

இது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துச் சங்கதி. தங்கத்துக்குள் வெள்ளி நானோ துகள்களைப் பதித்தால் 236 கெல்வினில், அதாவது மைனஸ் 37 பாகையில், மின்தடை மறைகிறது என்று தேவ் குமார் தாபாவும் அன்ஷு பாண்டேயும் 2018 ஜூலையில் எழுதினார்கள். 1911இல் பாதரசத்தில் இதை முதன்முதல் கண்ட ஒன்னஸுக்கு மைனஸ் 269 பாகை தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், தங்கமும் வெள்ளியும் நல்ல கடத்திகள். ஆனால் எவ்வளவு குளிரூட்டியும் தடையே இல்லாத மீகடத்தியானதில்லை. அதற்கு இலத்திரன்கள் சோடி சேர வேண்டும். இவற்றில் இருப்பவையோ சன்னியாசிகள்.

ஆகஸ்டில் எம்.ஐ.டி.யின் பிரையன் ஸ்கின்னர் அந்தக் கட்டுரையின் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுத்த இரண்டு அளவீடுகளில், தற்செயலாக வரும் ‘இரைச்சல்’ நெளிவுகள் அச்சொட்டாக ஒன்று! உங்கள் உன்னிச்சைக் குளத்தை இரண்டு நாள் படம் எடுங்கள். அணைக்கட்டு அதேதான். சிற்றலை ஒவ்வொன்றும் அதே இடத்தில் நிற்குமா?

2019 மேயில் கூடுதல் ஆட்கள், கூடுதல் அளவீடுகளோடு பெங்களூர்க்காரரின் திருத்திய கட்டுரை வந்தது. அறிவியல் உலகம் இன்னும் தலையாட்டவில்லை.

காப்பு கையிலேயே கிடக்கட்டும். அடகுக்கடைக்குப் போனால் வட்டி மட்டும் தடையில்லாமல் ஓடும்.