நாஸ் பெட்டிக்குள் ஒரு விண்டோஸ்

கேள்வி: படங்களும் சினிமாவும் போட்டு வைத்திருக்கும் நாஸ் பெட்டி நாள் முழுக்கச் சும்மாதானே கிடக்கிறது? அதில் ஒரு விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின் ஓட்டினால் என்ன?

பதில்: தாராளமாக ஓட்டலாம். சினாலஜி, க்யூநாப், ட்ரூநாஸ், அன்ரெய்டு என்று எல்லாருமே அதற்கென ஒரு வசதியை வைத்து ஆசை காட்டுகிறார்கள். ஆனால் சும்மா கிடப்பது பிராசசர்; திணறப்போவது டிஸ்க். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய இடம் ஹெட்டுக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஹெட் நகரும் நேரம் தனி. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டால் விநாடிக்கு நூறு தடவை எடுத்துக் கொடுப்பதே பெரிய விஷயம். சினிமாவை வரிசையாக வாசிப்பதால் இந்தக் குறை கண்ணில் படுவதில்லை. விண்டோஸோ பூட் ஆகும்போதும் அப்டேட் போடும்போதும் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைத் தாறுமாறாகக் கேட்கும். ரெய்டு 5 என்றால் இன்னும் கொடுமை. ஒரு சின்ன மாற்றத்துக்குப் பழைய தரவையும் பாரிட்டியையும் படித்து, இரண்டையும் திருப்பி எழுத வேண்டும். ஆக நாலு வேலை. பிராசசர் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும், ஸ்டார்ட் மெனு திறப்பதற்குள் நீங்கள் காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

கேள்வி: எட்டு ஜிபி ரேம் இருக்கிறதே, கேச் பார்த்துக்கொள்ளாதா?

பதில்: பார்த்துக்கொள்ளும், நீங்கள் விட்டுவைத்தால். விண்டோஸ் 11 குறைந்தபட்சமே 4 ஜிபி கேட்கிறது. அதை ஒதுக்கினால் கழிவது அந்தக் கேச்சிலிருந்துதான். இசட்எஃப்எஸ் ஓடும் பெட்டியில் ரேம் காலியாகவே இல்லையே என்று பதறுகிறவர்கள் உண்டு. அடிக்கடி கேட்பதை டிஸ்க் பக்கம் போகாமலே எடுத்துத் தரும் ஏஆர்சி கேச் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அது சுருங்கினால் எல்லாம் மறுபடி டிஸ்க்கின் தலையில் விழும்.

கேள்வி: சரி, எஸ்எஸ்டி போட்டுவிடுகிறேன். இதற்கென்று தனியாக ஒரு மினி பிசி வாங்கினால் கரண்ட் பில் யார் கட்டுவது?

பதில்: நியாயம்தான். சும்மா இருக்கும்போதே 10 வாட் இழுக்கும் மினி பிசி வருடத்துக்குச் சுமார் 88 யூனிட் தின்னும். விர்ச்சுவல் மெஷின்களை மட்டும் ஒரு ஜோடி எஸ்எஸ்டியில் மிரர் செய்து வைத்தால் என் முதல் புகாரும் அடங்கிவிடும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளைச் சமாளிக்கும். அப்புறமும் ஒரு சிக்கல் மிச்சம். நாஸை அப்டேட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் உள்ளே ஓடுவதெல்லாம் அணையும். வீட்டு டிஎன்எஸ்ஸும் அதற்குள்தான் என்றால், அப்டேட் சொதப்பும்போது கூகுளில் தேடக்கூட வழியிருக்காது. சேமிப்புப் பெட்டி செய்கிறவர்களுக்கு விர்ச்சுவல் மெஷின் பக்கத் தொழில் என்பதையும் மறக்க வேண்டாம். 2025-இல் ட்ரூநாஸ் 25.04, இன்கஸ் என்ற புதிய அடித்தளத்துக்கு மாறியபோது, முந்தைய பதிப்பின் விர்ச்சுவல் மெஷின்கள் தானாகக் கூடவே வந்து சேரவில்லை; 25.04.2-இல் பழைய வழியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஜெல்லிஃபின் மாதிரி மீடியா சர்வர் சமாச்சாரங்களுக்குக் கன்டெய்னரே போதும். அது நாஸின் கெர்னலையே பகிர்ந்துகொள்ளும், ரேமையும் மொத்தமாக வளைத்துப் போடாது. விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதாவது உங்களைப் பிடித்து ஆட்டினால் ஒழிய, முழு மெஷின் எதற்கு?

கேள்வி: மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறேன். பேக்கப் வேறு வேண்டுமா?

பதில்: ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்க்குகளில்தான். அவை போகிற அன்றைக்கு இருபத்துநாலு ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும்.