அன்னாசிக் கொண்டையை எறியாதீர்கள்!

இந்த வாரம் முழுக்க அன்னாசிதான். மாடித்தோட்டத்திலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வந்த கேள்விகள்.

பால்கனி விவசாயி, சென்னை: பழக்கடைக்காரர் கொண்டையைத் திருகி எறிகிறாரே, அதைக் கேட்டு வாங்கி வந்து நட்டால் முளைக்குமா?

முளைக்கும். அவர் எறிவது குப்பை அல்ல, நாற்று! கொண்டையில் ஒட்டியிருக்கும் பழச்சதையைச் சுத்தமாக நீக்கிவிடுங்கள். அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். அடியிலுள்ள சின்ன இலைகளைக் கீழ்நோக்கி இழுத்து உரித்தால் ஓர் அங்குலத் தண்டு தெரியும். அதில் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக இருப்பவை வேர் முனைகள். நான்கைந்து நாள் நிழலில் காயவிட்டு, செம்மண், மணல், மக்கிய உரம் கலந்த தொட்டியில் அந்த ஓர் அங்குலம் மட்டும் புதையும்படி நடுங்கள். குருத்துக்குள் மண் விழக்கூடாது.

தினமும் இரண்டு குடம் ஊற்றுபவர், தஞ்சாவூர்: அன்னாசிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?

குடங்களை வாழைக்குக் கொடுத்துவிடுங்கள். தொட்டி அன்னாசிக்கு மேல்மண் காய்ந்த பிறகு ஒரு சொம்பு போதும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே இழுக்கும். அந்த வழியாகவே ஈரமும் வெளியேறிவிடும். அன்னாசி இரவில்தான் திறக்கும். கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடிவிட்டு அந்தச் சேமிப்பில் சமைத்துக்கொள்ளும். வெயிலைத் தாங்கும், வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது.

பொறுமை இழந்தவர், திருச்சி: நட்டு இரண்டு வருடமாகிவிட்டது. இலை மட்டும் ஜம்மென்று இருக்கிறது. பழம் எங்கே?

கொண்டையிலிருந்து வளர்ந்த செடி காய்க்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். தொட்டியில் இன்னும் தாமதமாகலாம். பக்கக்கன்று நட்டவர்களுக்குச் சில மாதங்கள் மிச்சம். முதலில் இலைகளை எண்ணுங்கள். நாற்பதை நெருங்கிவிட்டால் செடி தயார், தூண்டிவிட வேண்டியதுதான் பாக்கி.

தூண்டுகோல் எத்திலீன் வாயு. 19-ஆம் நூற்றாண்டில் அசோரஸ் தீவுகளில் கண்ணாடிக்கூடத்தில் அன்னாசி வளர்த்தவர்கள், உள்ளே புகை சூழ்ந்தபோது செடிகள் சேர்ந்தாற்போலப் பூத்ததைக் கவனித்தார்கள். வேலை செய்தது புகையிலிருந்த எத்திலீன். கேரள விவசாயிகள் இன்று அதே வாயுவை வெளியிடும் எத்திஃபான் கரைசலைக் குருத்தில் ஊற்றித் தோட்டம் முழுவதையும் ஒரே சமயத்தில் காய்க்க வைக்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். நன்றாகப் பழுத்த ஆப்பிள் ஒன்றைச் செடியின் அடியில் வைத்து, செடியோடு சேர்த்துப் பாலிதீன் பையால் ஒரு வாரம் மூடி, நிழலில் வையுங்கள். பலித்தால் சில வாரங்களில் குருத்தின் நடுப்பகுதி சிவக்கும். பிறகு கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி ஊதாநிறச் சிறுபூக்கள் ஒவ்வொன்றாக விரியும். ஒரு பூவுக்கு ஒரு கண். அத்தனை கண்களும் ஒட்டிக்கொண்டதுதான் ஒரு பழம்.

நுனித்துண்டே கிடைக்கும் கணவர், கோவை: என் தட்டுக்கு வரும் அன்னாசி மட்டும் ஏன் புளிக்கிறது?

சந்தேகத்துக்கு இடமே இல்லை, அடித்துண்டு வேறு யாருக்கோ போகிறது! முதலில் பூத்த அடிப்பகுதி முதலில் முதிர்கிறது. இனிப்பும் அங்கேதான் அதிகம். வட்டம் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்கச் சொல்லுங்கள். வீட்டில் நீதி நிலைக்கும்.

சிக்கனக்காரர், சேலம்: காயாக வாங்கினால் விலை குறைவு. அரிசிப் பானையில் வைத்தால் பழுக்காதா?

மாம்பழம் பழுக்கும், அன்னாசி பழுக்காது. மாங்காயிலுள்ள மாவுச்சத்து பறித்த பிறகும் சர்க்கரையாக மாறும். அன்னாசிக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. செடியிலிருந்து வெட்டிய நிமிடத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். அப்புறம் நிறம் மாறும், மெத்தென்றாகும், இனிப்பு ஏறாது. கையில் எடுத்து அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்து, மணம் வந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பிணி, மதுரை: அன்னாசித் துண்டைக் கையில் எடுத்தாலே மாமியார் பதறுகிறார். ஆபத்தா?

அவர் பதற்றத்தில் பாசம் இருக்கிறது. அதற்கு மரியாதை கொடுங்கள். ஆனால் நன்றாகப் பழுத்த அன்னாசியைச் சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் சாப்பிட்டால் கரு கலையும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பயத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் புரோமிலைன் என்ற நொதி தண்டில்தான் அதிகம். அதைப் பிரித்தெடுத்து விற்கும் மாத்திரைகள் வேண்டாம். நெஞ்செரிச்சலோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் அழைத்துப் போனால் வேலை சுலபம்.

மில்க்‌ஷேக் ரசிகை, புதுச்சேரி: அன்னாசியைப் பாலில் அடித்துவைத்தால் கசக்கிறது, நாக்கும் எரிகிறது. ஏன்?

இரண்டிலும் புரோமிலைனுக்குப் பங்கு உண்டு. அது புரதத்தை அறுக்கும் நொதி. பாலின் புரதத்தை அறுத்தால் கசப்பு. நாக்கின் மேல்தோலில் வேலை காட்டினால் எரிச்சல். பழத்திலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்களும் அதோடு சேர்ந்துகொள்ளும். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். கேரளத்துப் புளிச்சேரியில் அன்னாசியை முதலில் வேகவைத்துவிட்டுப் பிறகு தயிர் சேர்க்கிறார்களே, அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் அடுப்பு, பிறகுதான் பாலும் தயிரும். ஜெலட்டின் ஜெல்லியில் பச்சை அன்னாசி போட்டால் உறையாது; கடல்பாசியில் புரதம் இல்லாததால் உறையும்.

வரலாற்றுப் பிரியர், காரைக்குடி: அன்னாசி நம் ஊர்ப் பழமா?

தென் அமெரிக்காவில் பிறந்தது. 1493-இல் குவாதலூப் தீவில் கொலம்பஸ் அதைக் கண்டார். போர்த்துகீசியர் இங்கே கொண்டுவந்தார்கள். ஆக்ராவில் தன் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விளைவதாக ஜஹாங்கீர் எழுதி வைத்திருக்கிறார். இன்று கொல்லிமலைச் சரிவுகளில் விளைகிறது. எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசி 2009-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. இனி யார் அதை வெளியூர் என்பது?

கணக்குப் பார்ப்பவர், ஈரோடு: கடையில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் பழத்துக்கு இரண்டு வருடம் காத்திருப்பது என்ன கணக்கு?

நல்ல கணக்குதான். தூரத்துச் சந்தைக்குப் போகும் பழத்தை முழுசாகப் பழுக்குமுன் வெட்டியாக வேண்டும். வெட்டிய பிறகு அது இனிக்காது என்று மேலே பார்த்தோம். கடைசி நாள்வரை செடியிலேயே விட்டுப் பறிக்கும் வாய்ப்பு தொட்டி வைத்திருப்பவருக்குத்தான். தாய்ச்செடி ஒருமுறைதான் காய்க்கும், ஆனால் பக்கக்கன்று விடும். கொண்டையையும் நட்டால் அடுத்த போகத்துக்கு இரண்டு செடி. முதலீடு, கடைக்காரர் எறிந்த கொண்டை ஒன்று!