காலியான அறையா?

கேள்வி: அரூப ஓவியர் ஒருவரின் வாழ்நாள் படைப்புகளைக் காலவரிசையில் மாட்டி வைத்தால், முதல் அறையில் மனிதர்கள் இருக்கிறார்கள், கடைசி அறையில் ஒருவருமில்லை. இதற்குப் பெயர் வளர்ச்சியா?

பதில்: வளர்ச்சிதான், அவர்கள் எழுந்து போனது நீங்கள் அமர்வதற்காக. 1924-இல் நாகபுரியில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்று, 2001-இல் மறைந்த அரூப ஓவியர் வி.எஸ். கைதோண்டேயின் படைப்புகளை நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் 2014-இல் திரட்டிக் காட்டியபோது, உருவங்களோடும் ஐரோப்பிய ஓவியர் பால் க்ளேயின் சாயலோடும் தொடங்கிய கலைஞர், ஒவ்வொன்றாக விடைகொடுத்து, ஒளியும் வர்ணமும் மாத்திரம் எஞ்சும் நிலைக்கு வந்து சேர்ந்த யாத்திரை முழுவதும் கண்ணுக்குப் புலனாயிற்று. கைகூடாமையால் கைவிட்டவர் அல்லர். உருவம் வரைவதில் தேர்ந்த பின்னரே அதைத் துறந்தவர்.

துறந்தபின் உழைப்புக் குறைந்ததென்றும் எண்ணவேண்டாம். உருளையாலும் தட்டைக் கத்தியாலும் வர்ணத்தைப் பரப்பி, பரப்பியதைச் சுரண்டி, கிழித்த காகிதத் துண்டுகளால் ஒற்றியெடுத்து, படலத்தின்மேல் படலமாக அவர் எழுப்பிய திரை, நடந்துகொண்டே பார்ப்பவருக்கு ஒரே நிறமாகத் தோன்றும். நின்று பார்ப்பவருக்கோ, மேற்பூச்சின் அடியிலிருந்து வேறொரு வர்ணம் மெல்ல மேலெழும். இந்த ஆனந்தம் அச்சுப்பிரதியில் கிட்டாது; அசலின் முன்னேதான் கிட்டும். ஆண்டுக்கு ஒரு சில படங்களையே தீட்டியவரை ஒரே பிற்பகலில் பார்த்து முடித்துவிடப் புறப்படுவது அநியாயம்; மூன்றே படங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு மறுநாளும் செல்லுங்கள்.